பின்தொடரும் கமராவும் பின்தொடரப்படுவோரும்

அசையும் பொருளொன்றைத் தானாகவே திரும்பித் திரும்பி நோக்கும் கமராத் தாங்கியொன்றைச் சப்ரகமுவத் தோட்டமொன்றின் லயன் அறையில் இருந்துகொண்டு ஒரு மாணவன் செய்ய முற்படுவானாயின், கற்றோரிடமிருந்து அவனுக்குக் கிடைக்கக்கூடிய மறுமொழிகள் மூன்று வகைப்படும். அது விளையாட்டுப் பொருள், வயிற்றுப்பாட்டுக்கு உதவும் தொழிலொன்றைக் கற்பதே அவனுக்குத் தகும் என்பர் ஒருசாரார். கடையில் வாங்கக்கூடியதை வருந்திச் செய்வது வீண் என்பர் மற்றொரு சாரார். மூன்றாம் சாரார் சற்று ஆழச் சிந்திப்பவர். கங்காணியின் கண்ணுக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கண்ணை அவன் தன் கையாலேயே செய்து துரைமாருக்குக் கொடுக்கப் போகிறான் என்பது அவர்தம் அச்சம். இம்மூன்றனுள் முதலிரண்டும் அறியாமையிற் பிறந்தவை. மூன்றாவதற்கு நியாயம் உண்டு. ஆயினும் மூன்றும் சென்று சேரும் முடிபு ஒன்றே: தோட்டத்து மாணவன் கமராவுக்கு முன்னால் நிற்கலாம், பின்னால் நிற்கலாகாது. இம்முடிபு மறுக்கப்பட வேண்டியது.

தோட்டத் தமிழரைக் கமரா நோக்கத் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகின்றது. 1875இல் இங்கிலாந்திலிருந்து கணவருடன் வந்து குடியேறிய ஜூலியா மார்கரெற் கமரன் (பெயரிலும் கமராவின் சாயல் இருப்பது தற்செயலே) களுத்துறையில் வாழ்ந்த காலத்தில் ஊர் மக்களையும் தோட்டத் தொழிலாளர் சிலரையும் படம் பிடித்தார். 1879இல் டிக்கோயாவில் மறைந்தார். கலைநோக்கில் அப்படங்கள் உயர்ந்தவையே. ஆனால் அக்காலத்து ஈரத்தட்டு முறையில் ஒரு படம் பதியப் பல வினாடிகள் செல்லும். அவ்வளவு நேரமும் படத்துக்குரியவர் ஆடாது அசையாது நிற்றல் வேண்டும். அசைவையே வாழ்வாகக் கொண்ட ஒரு மக்கட் கூட்டம், வேலையை நிறுத்திவிட்டுச் சிலைபோல் நின்ற நிலையில் மாத்திரமே பதிவாயிற்று. அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் பதியப்படவேயில்லை. பின்னர் 1934இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் ஆதரவில் பசில் ரைற் 'சோங் ஒஃப் சிலோன்' என்னும் திரைப்படத்தை எடுத்தார். அதற்குள் கமரா அசையக் கற்றுக்கொண்டிருந்தது. எதனை நோக்கி அசைவது என்று தீர்மானித்தவர் மாறவில்லை. அதன் பின் வந்த உல்லாசப் பயண அஞ்சலட்டைகளைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. பச்சைச் சரிவு, முதுகிற் கூடை, முகத்திற் புன்னகை, இவ்வளவே.

அந்த அஞ்சலட்டைகளிலும் சப்ரகமுவவைக் காண்பது அரிது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் பெரும்பாலும் சிறியவை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. தேயிலையோடு இறப்பரையும் கொண்டவை. யட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ விடியற்கருக்கலில், பால் நன்கு வடியும் குளிர்ந்த வேளையில், கத்தியும் வாளியுமாக ஒரு மரத்திலிருந்து மறுமரத்துக்கு விரையும் பெண்ணின் உருவம் தேயிலை விளம்பரத்துக்குப் பயன்படுவதன்று. 300 அளவான மரங்களை அவள் வெட்டி முடிக்கையில் வெயில் ஏறிவிடும். சப்ரகமுவத் தமிழர் பார்க்கப்பட்டது குறைவு. பார்க்கப்பட்டபோதும் பெரும்பாலும் தீங்கு நிகழ்ந்த பின்னரே பார்க்கப்பட்டனர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் லயன்கள் எரிந்தபோதும், அங்கிருந்தோர் வன்னிக்கும் இந்தியாவுக்கும் சிதறியபோதும் அவர்கள் எண்ணிக்கைகளாகப் பதிவாயினர். சிதறியோருடன் கூத்துக் குழுக்களும் சிதறின. பாட்டை அறிந்த அண்ணாவி ஓரிடத்திலும், ஆடத் தெரிந்தவன் வேறோரிடத்திலுமாயினர். இந்நிலைமையிலேயே கமராவை யார் திருப்புவது என்னும் வினா எழுகின்றது.

இனி அவ்வியந்திரத்தின் வரலாற்றை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். அசைவில் இரு வகை உண்டு: முன்கூட்டியே அறியப்பட்ட அசைவு, அறியப்படாத அசைவு. வானத்து உடுக்களின் அசைவு முதல்வகையைச் சார்ந்தது. ஆகையால் அவற்றைத் தொடர ஒரு கடிகாரம் போதும். 1824இல் டோர்பாற் வானாய்வு நிலையத்தில் நிறுவப்பட்ட பிரவுண்ஹோபரின் தொலைநோக்கி கடிகாரப் பொறியினாலேயே உடுவைத் தொடர்ந்தது. குதிரையும் பறவையும் அத்தகையன அல்ல. 1878இல் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையைப் பின்தொடர முயலவில்லை. பாதையோரத்தில் 12 கமராக்களை வரிசையாக நிறுத்திவைத்துக் குதிரையைத் தாண்டிச் செல்லவிட்டார். 1882இல் மரே என்னும் பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் துப்பாக்கி வடிவிலான கமராவொன்றைச் செய்து பறவையைக் கையாற் குறிபார்த்துத் தொடர்ந்தார். கமரா துப்பாக்கியின் வடிவத்தை எடுத்தது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப்போரில் விமான எதிர்ப்புப் பீரங்கி, விமானம் அடுத்த கணத்தில் எங்கு இருக்கும் என்பதைக் கணித்துத் திரும்ப வேண்டியதாயிற்று. நோபேட் வீனரின் ஆய்வு அத்தேவையிலிருந்தே கிளைத்தது. அவர் 1948இல் வெளியிட்ட 'சைபர்நெற்றிக்ஸ்' அதன் விளைவு. 1944இல் ராடரும் கணிப்புப்பொறியும் பீரங்கியும் ஒன்றிணைந்து, மனிதக் கை படாமலே ஆளில்லாப் பறக்கும் குண்டுகளைத் தொடர்ந்து வீழ்த்தின. இன்று குழந்தையின் பிறந்தநாள் விழாவில் முகத்தைத் தொடரும் சிறு கமராவும் இக்குடும்பத்து வாரிசே.

இவ்வரலாற்றைக் கேட்டதும், 'இவையெல்லாம் மேலைத்தேசத்தார் விவகாரம், தோட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு' என்று கூறுவோர் தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறைக்குள் ஒரு நாளும் நுழையாதவராதல் வேண்டும். நீராவி எஞ்சினின் மேல் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழன்றுகொண்டிருக்கும் 'கவர்னர்' என்னும் உறுப்பை வாற் 1788இல் பயன்படுத்தினார். எஞ்சினின் வேகம் கூடினால் குண்டுகள் விலகி உயர்ந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் தாழ்ந்து நீராவியைக் கூட்டும். தன் செயலின் விளைவைத் தானே அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் இம்முறைக்கே இன்று பின்னூட்டம் என்று பெயர். பின்தொடரும் கமராத் தாங்கியின் உயிர்நாடியும் அதுவே. படச்சட்டத்தின் நடுவிலிருந்து பொருள் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளப்பது, அவ்விலகலுக்கேற்ப மோட்டாரைத் திருப்புவது, மீண்டும் அளப்பது. இதற்கு மேல் அதிற் பெரிய மாயம் எதுவும் இல்லை. லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்டது 1867இல். அடுத்த ஆண்டிலேயே மக்ஸ்வெல் என்னும் பௌதிகவியலாளர் கவர்னர்களைப் பற்றிய தம் கணிதக் கட்டுரையை வெளியிட்டார். சீராக்கும் உறுப்பு அளவுக்கு மீறி விரைந்து செயற்படுமாயின் எஞ்சின் சீராகாது. கூடியும் குறைந்தும் அல்லாடும். ரோலர்களைச் சுழற்றிய எஞ்சினின் காலடியில் வாழ்நாளைக் கழித்த தோட்டத்து எஞ்சின் 'டிரைவர்' அவ்வல்லாட்டத்தைச் செவியாலேயே அறிந்து கைப்பிடியைத் திருத்தினான். அவனுடைய பேரன் அதே அல்லாட்டத்தைத் தன் சிறு மோட்டாரிற் காணும்போது, அந்நியமான எதனையும் அவன் கற்கவில்லை. பாட்டன் கையால் அறிந்ததற்கு எண்ணால் பெயரிடுகிறான்.

செய்முறையை எங்கிருந்து தொடங்குவது? அறியப்பட்ட அசைவிலிருந்து தொடங்குவதே முறை. இரண்டு பலகைத் துண்டுகளைப் பிணைச்சலொன்றால் இணைத்து, ஒரு திருகாணியைச் சுழற்றி மேற்பலகையை மெல்ல உயர்த்தினால், அதன்மேல் வைக்கப்பட்ட கமரா உடுக்களைத் தொடரும். ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீற்றர் ஏறும் திருகாணியை நிமிடத்துக்கு ஒரு முறை சுழற்றுவதாயின், பிணைச்சலிலிருந்து திருகாணி இருக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ 229 மில்லிமீற்றர். புவி தன் அச்சில் ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 வினாடி செல்கின்றது என்பதிலிருந்து இத்தூரத்தைக் கணித்தல் உயர்தர மாணவனுக்குக் கடினமன்று. ஆனால் இதிற் சப்ரகமுவவுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மேலைத்தேச நூல்கள் பிணைச்சலைத் துருவ உடுவை நோக்கி 40 பாகையோ 50 பாகையோ சாய்த்து வைக்கச் சொல்லும். இரத்தினபுரி நிலநடுக்கோட்டிலிருந்து 7 பாகைக்கும் குறைவான தூரத்தில் உள்ளது. ஆகவே பிணைச்சல் கிட்டத்தட்டத் தரைக்குச் சமாந்தரமாகவே கிடக்கும். துருவ உடுவோ அடிவானத்தில் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலும் மலைக்கும் முகிலுக்கும் பின்னால் மறைந்திருக்கும். அந்நூலை அப்படியே பின்பற்றுபவன் தோல்வியுறுவான். தான் நிற்கும் இடத்தை அறிந்து பலகையைத் திருப்பி அமைப்பவன் வெல்வான். ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் மாவட்டத்தில் உடுக்கள் எத்தனை இரவு தோன்றும் என்று நகைப்போர் நகைக்கட்டும். தெளிந்த ஓர் இரவு இப்பாடத்துக்குப் போதும்.

அறியப்படாத அசைவுக்கு வரும்போதுதான் பொருள் கனக்கின்றது. தோட்டத்தில் அத்தகைய அசைவுக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு காமன் கூத்து. மாசி மாத வளர்பிறையிற் காமனை ஊன்றி, இரவுகள் பல ஆடி, இறுதியிற் சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரியும் கட்டத்தோடு முடியும் இக்கூத்தின் களம் மேடையன்று. லயன்களுக்கு முன்னுள்ள வெளி. மதனும் ரதியும் வட்டமாகச் சுழன்று ஆடுவர். சுற்றிலும் சனம் நிற்கும். சனத்துக்குள்ளிருந்தே சிலர் ஆட்டத்துள் நுழைவர். இதனை ஒருவன் கமராவாற் பிடிக்க முயன்றால் அவன் இரவு முழுவதும் கமராவோடு கட்டுண்டு கிடப்பான். கூத்தில் அவனுக்குரிய இடம் வெறுமையாகும். வெளியிலிருந்து வருவோர் அரைமணி நேரம் பிடித்துவிட்டு இறுதி வாகனத்துக்கு நேரமாயிற்று என்று சென்றுவிடுவர். தானாகத் திரும்பும் தாங்கி வேண்டப்படுவது இதற்காகவே.

இரண்டு அச்சுக்கள், பொம்மை விமானங்களிற் பயன்படும் இரண்டு சேர்வோ மோட்டார்கள், 2005இல் இத்தாலியில் மாணவர்க்கென உருவாக்கப்பட்ட அர்டுயினோ போன்ற ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகை, படத்தை ஆராய ஒரு பழைய கைத்தொலைபேசியோ ராஸ்பெரி பை கணினியோ, கருவிகள் இவ்வளவே. உருவத்தைத் தேடும் நிரல்களின் தொகுப்பான ஓப்பன் சிவி இலவசமாகக் கிடைக்கின்றது. எஞ்சியது கணக்கு. கமராவிலிருந்து 5 மீற்றர் தொலைவில் வினாடிக்கு 2 மீற்றர் வேகத்திற் குறுக்காக ஆடிச் செல்லும் மதனுடைய கோணவேகம் வினாடிக்கு 0.4 ஆரையன், ஏறத்தாழ 23 பாகை. படத்தை எடுத்து, ஆராய்ந்து, மோட்டாருக்குக் கட்டளை அனுப்ப 0.2 வினாடி செல்லுமாயின், தாங்கி எப்பொழுதும் மதனுக்கு நான்கரைப் பாகை பின்னாலேயே ஓடும். 60 பாகை அகன்ற வில்லையில் இது ஒரு குறையன்று. 8 பாகை மாத்திரம் காட்டும் தொலைவில்லையை மாட்டினால் மதன் சட்டத்துக்கு வெளியே ஆடிக்கொண்டிருப்பான். தாமதத்தை வெல்வதற்காகத் திருத்தத்தின் உறைப்பைக் கூட்டினால் தாங்கி மதனைத் தாண்டிச் சென்று திரும்பி, மீண்டும் தாண்டி நடுங்கத் தொடங்கும். எஞ்சின் அறையின் அதே அல்லாட்டம்! சட்டத்தின் நடுவே தாங்கி திரும்பாதிருக்கும் ஒரு சிறு பகுதியை ஒதுக்குவதும், பொருள் போகும் திசையை வைத்து அடுத்த இடத்தை ஊகிப்பதும் இதற்கான மருந்துகள். இரண்டாவதற்குரிய கணிதத்தை 1960இல் கல்மான் வகுத்தளித்தார். இறப்பர் மரத்துக்குப் பின்னால் மறைந்த பெண் எந்தப் பக்கத்தில் வெளிப்படுவாள் என்பதை ஊகிக்கும் கணிதமும் அதுவே.

ஆனால் இயந்திரம் சரியாக ஓடத் தொடங்கிய பின்னரே மெய்யான சிக்கல் தொடங்குகின்றது. ஒளியை வைத்துத் தேடுமாறு பணிக்கப்பட்ட தாங்கி தீப்பந்தத்தின் பின்னால் ஓடும். முகத்தை வைத்துத் தேடுமாறு பணிக்கப்பட்டதோ தகனக் கட்டத்தில் தீ மூண்டதும் திகைத்து நிற்கும். கமரா தீயின் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன் ஒளியேற்பைக் குறைத்துவிடுவதால் கரிய முகங்கள் இருளில் மூழ்கிவிடும். இது வெறும் கற்பனை அச்சமன்று. ஹியூலற் பக்கார்ட் கணினியொன்றில் இருந்த முகம் தொடரும் கமரா, வெள்ளையினப் பெண்ணொருவரை இடமும் வலமும் ஒழுங்காகத் தொடர்ந்துவிட்டு, அதே இடத்தில் நின்ற கறுப்பின ஆடவரைத் தொடராது நின்றதைக் காட்டும் காணொளி 2009 டிசம்பரில் உலகெங்கும் பரவிற்று. போதிய வெளிச்சமின்மையே காரணம் என்பது நிறுவனத்தின் விளக்கம். 2018இல் ஜோய் புவொலம்வினி, டிம்னிற் கெப்ரு ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு, முகத்தைக் கொண்டு ஆணா பெண்ணா எனக் கூறும் மூன்று வணிக நிரல்களைச் சோதித்தது. வெளிர்நிற ஆண்களில் அவை செய்த பிழை மிகக் கூடியது 0.8 வீதம், கருநிறப் பெண்களில் 34.7 வீதம் வரை உயர்ந்தது. போதிய வெளிச்சமில்லை என்பது மெய்யாகவே இருக்கலாம். எவருடைய முகத்துக்குப் போதிய வெளிச்சம் என்பதை முதலிற் பயிற்றியவன் தீர்மானித்தான். பெற்றோமக்ஸ் விளக்கின் ஒளியில் வேடம் பூண்டு வியர்வை வழிய ஆடும் முகத்தை எந்தத் தொலைதேசத்துப் பொறியியலாளன் தன் மாதிரித் தொகுதியிற் சேர்த்திருக்கப் போகிறான்?

'கடையில் வாங்கலாமே' என்போருக்கு விடை இங்கு கிடைக்கின்றது. கடைத் தாங்கியின் விலை தோட்டத் தொழிலாளியின் பல வாரச் சம்பளத்தை விழுங்கும் என்பது சிறு காரணம். பெரிய காரணம், அதன் கட்டளை பூட்டப்பட்டிருக்கின்றது என்பதே. அது ஒரு முகத்தைத் தேர்ந்து நடுவில் வைக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த கலை. காமன் கூத்தின் நடுவில் இருப்பது ஒரு முகமா? ஆட்டத்தை நடத்துவது தப்பு. அடி மாறினால் ஆட்டம் மாறும். தப்பு நின்றால் மதனும் நிற்பான். தப்படிப்போர் வட்டத்தின் ஓரத்தில் நிற்பவர். பல தோட்டங்களிற் சாதியின் பெயராலும் ஓரத்தில் நிறுத்தப்பட்டவர். நட்சத்திர நடிகனைத் தேடும் இயந்திரம் ஒரு நாளும் அவர்கள் பக்கம் திரும்பாது. தப்பின் ஒலி ஓங்கும்போது அத்திசைக்குத் திரும்புக என்று ஒருவர் கட்டளை எழுதினாலன்றி அவர்கள் ஒலியாக மாத்திரமே எஞ்சுவர், முகமாகப் பதியார். அக்கட்டளையை எழுதுவது கடினமன்று. இரண்டு ஒலிவாங்கிகளை இடமும் வலமும் வைத்து, ஒலி எதனை முதலில் அடைகின்றது என்று ஒப்பிட்டால் திசை தெரியும். ஆயின் அதனை எழுதத் தோன்றுவது கூத்தை அறிந்தவனுக்கு மாத்திரமே. ரதியின் ஒப்பாரியின்போது ரதியை நோக்குவதா, அழுதுகொண்டிருக்கும் சனத்தை நோக்குவதா என்பதும் அத்தகைய வினாவே. இவ்வினாக்களுக்கு விடை எழுதுபவன் மோட்டாரை மாத்திரம் திருப்புபவனல்லன். அவன் ஒரு கலையைப் பற்றித் தீர்ப்புக் கூறுகிறான். இதனை விளையாட்டுப் பொருள் என்பவர், விளையாட்டையும் அறியார், பொருளையும் அறியார்.

இனி மூன்றாம் சாராரின் வாதம். அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. 1910களில் அமெரிக்காவில் கில்பிரெத் தம்பதியர் தொழிலாளரின் விரல்களிற் சிறு மின்விளக்குகளைக் கட்டி, நீண்ட நேரம் கமராவைத் திறந்துவைத்து, கை சென்ற பாதையை ஒளிக்கோடாகப் பதித்தனர். வீண் அசைவைக் களைந்து களைப்பைக் குறைப்பதே நோக்கம் என்றனர். முதலாளிமார் அதனை வேலையைக் கூட்டும் வழியாகவே கண்டனர். தோட்டத்திலும் அளவைக்கு அத்தகைய வரலாறு உண்டு. விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு ஆட்களை எழுப்பியதும் தப்பே. கூத்துக்கு உயிர் தரும் அதே தோற்கருவி கூலிக்கு ஆள் எண்ணவும் அடிக்கப்பட்டது! பெயர் போடுதல், கொழுந்து நிறுத்தல், கழிவு வெட்டுதல் ஆகிய அனைத்தும் ஒருவர் பார்க்க மற்றவர் பார்க்கப்படும் செயல்களே. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் விதிக்கப்பட்டதும், பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்படுகின்றது என்னும் முறைப்பாடு எழுந்தது. இச்சூழலில், ஒவ்வொரு கையையும் தொடரும் கண்ணொன்று மலைச்சரிவில் நிறுத்தப்படலாம் என அஞ்சுவது பேதைமையன்று.

எனினும் அவ்வச்சத்திலிருந்து 'ஆகவே செய்யாதே' என்னும் முடிபு பெறப்படுமா? அத்தகைய கண்ணை நிறுத்த விரும்பும் கம்பனி லயன் அறை மாணவனின் பலகைத் துண்டுக்காகக் காத்திருக்கப் போவதில்லை; ஆயத்தமாக விற்கப்படுவதை இறக்குமதி செய்யும். அன்று தொழிலாளர் பக்கத்தில் அவ்வியந்திரம் எதனைக் காணும், எதனைக் காணாது, எங்கு பிழைக்கும் என்று கூற வல்லவர் எவரும் இல்லாவிடின், கணக்கப்பிள்ளையின் துண்டை வாசிக்கத் தெரியாது கைநாட்டு வைத்த பாட்டனின் நிலையே பேரனுக்கும் வாய்க்கும். மூடுபனியில் ஒருத்தியின் கொழுந்து மற்றொருத்தியின் பெயரில் ஏறும் என்பதையும், மரத்துக்குப் பின் மறைந்தவளை ஓய்ந்திருப்பவளாக நிரல் கணக்கிடும் என்பதையும் பேச்சுவார்த்தை மேசையில் எடுத்துரைக்க, அத்தகைய இயந்திரமொன்றைத் தன் கையாற் செய்து அதன் பிழையைக் கண்டவன் வேண்டும். தொழிற்சங்கங்கள் வழக்கறிஞரைத் தேடியதுபோல் இத்தகையோரையும் தேட வேண்டிய காலம் இது. அதே வேளை இவ்வாதத்திலிருந்து ஏற்கத்தக்க ஒன்று உண்டு. கூத்துக்கெனச் செய்த தாங்கியை வேலைத்தளத்துக்கு எடுத்துச் செல்ல எவரேனும் காசு கொடுக்க முன்வருவாராயின், அக்காசு மறுக்கப்படல் வேண்டும். கூத்தில் ஆடுபவர் பார்க்கப்படுவதற்கென்றே ஆடுகிறார்; பால் வெட்டுபவர் அவ்வாறல்லர். அவரது விருப்பமின்றி அவரைத் தொடரும் கமரா, அதனைச் செய்தவன் அவருடைய சொந்த மகனாயினும், கங்காணியே.

முதற் சாராரிடம் இறுதியாக ஒரு வினா உண்டு. வயிற்றுப்பாட்டுக்கு உதவும் தொழிலே தகும் என்போர், எந்தத் தொழிலைக் கற்பிக்கும் வாய்ப்பை அம்மாணவனுக்கு அளித்தனர்? இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழிற் கற்பதற்கு வழி மிகக் குறுகியது. விஞ்ஞானம் கற்க விரும்புபவன் தொலைவிலுள்ள நகருக்கு இடம்பெயர வேண்டும். அன்றேல் கலைப்பிரிவில் அமைதி காண வேண்டும். 2013இல் உயர்தரத்திற் சேர்க்கப்பட்ட தொழினுட்பப் பிரிவும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் உள்ள இடங்களுக்கே பயன் தருவது. பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்லோயாவில் 1995இல் நிறுவப்பட்ட சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் நில அளவைக்கெனத் தனிப் பீடமே உண்டு. அரியத்தைத் தானாகவே பின்தொடரும் அளவைக்கருவி அத்துறையில் 1990 முதல் வழக்கிலுள்ளது. அதாவது, இக்கட்டுரைப் பொருளின் நெருங்கிய உறவினம் லயன்களிலிருந்து சில மைல் தூரத்துப் பாடத்திட்டத்தினுள் வாழ்கின்றது. அவ்விடைவெளியை எந்த வாகனமும் கடப்பதில்லை.

தமிழ்ச் சங்கங்களும் விரிவுரையாளரும் இக்குற்றத்துக்குப் புறம்பானவரல்லர். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொணர்ந்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றை ஆடச்செய்தபோது, பல்கலைக்கழகமே கிராமத்து அண்ணாவிமாரிடம் மாணவனாகச் சென்றது. அத்துணைக் கவனம் தோட்டத்துக் கூத்துக்கு வாய்க்கவில்லை. காமன் கூத்தைப் பற்றி ஆய்வேடுகள் எழுதப்பட்டுள்ளன. ஆடியோரின் பேரப்பிள்ளைகள் கையில் அக்கூத்தின் முழு இரவுப் பதிவொன்று எத்தனை தோட்டங்களில் உண்டு? தமிழில் விஞ்ஞானம் இயலாது என்னும் பழைய சாட்டும் இங்கு செல்லாது. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற் றொகுதிகளை வெளியிட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. கோணவேகம், ஆரையன், முறுக்கம், விகிதசமம் ஆகிய சொற்களைப் பள்ளியிலேயே தமிழிற் கற்றுத் தேறிய மாணவனுக்கு, அவற்றைக்கொண்டு செய்வதற்கு ஒரு பொருளைத்தான் எவரும் காட்டவில்லை. முத்தமிழ் விழாவுக்குச் செலவாகும் பந்தல் காசில் ஒரு பகுதி, இரண்டு மோட்டார்களுக்கும் ஒரு பலகைக்கும் போதும். விரிவுரையாளர் ஒருவர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இறக்குவானைக்கோ தெஹியோவிற்றவுக்கோ செல்வது அவரது பதவியுயர்வுக்குப் புள்ளி சேர்க்காது என்பது மெய். சேர்க்குமாறு விதியை மாற்றக் கோருவதும் சங்கங்களின் வேலையே.

பதிவு எவரிடம் இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தல் நன்று. ஒரு பிரதி தோட்டத்துக் கோயிற் குழுவிடமும், ஒன்று பாடசாலையிலும், ஒன்று பல்கலைக்கழக நூலகத்திலும் இருக்கலாம். அதனை வெளியிடும் உரிமை ஆடியோரிடமும் தப்படித்தோரிடமும் இருத்தல் வேண்டும். பதிவில் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்படல் வேண்டும். 1870களில் விடுபட்டவை பெயர்களே. தாங்கியைச் சோதிப்பதற்குத் தனி ஆய்வுகூடம் வேண்டியதில்லை. காமன் ஊன்றும் இரவுக்கும் தகன இரவுக்கும் இடையே ஒவ்வோர் இரவும் ஆட்டம் உண்டு. முதலிரவில் அது தீப்பந்தத்தின் பின்னால் ஓடும், சனம் சிரிக்கும்; பகலில் ஓர் எண்ணைத் திருத்தி மறு இரவு மீண்டும் நிறுத்தலாம்.